லாங்யியர்பியன்: கரி வெட்டிய ஊரில்

பிப்ரவரி 20, 2026

நார்வேக்கு வடக்கே, ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்ட் தீவுகளில் இருக்கும் இந்த ஊரில் நடுப்பகலில் நல்ல வெளிச்சம் வந்துவிட்டது. அக்டோபர் கடைசியில் போன சூரியன் மட்டும் இன்னும் மலைக்குப் பின்னால்தான். தேவாலயத்துக்கு மேலே, சரிவில், முதல் நிலக்கரிச் சுரங்கம் தெரிகிறது. ஜான் மன்ரோ லாங்யியர் என்ற அமெரிக்கர் 1906இல் தொடங்கிய ஊர் இது, பெயரும் அவருடையதே. 1916இல் ஸ்டோர் நோர்ஸ்கே என்ற நார்வே கம்பெனிக்கு விற்றுவிட்டார். 1920 ஜனவரி 3ஆம் தேதி அந்தச் சுரங்கம் வெடித்து 26 பேர் இறந்தார்கள். அந்தப் பக்கம் நடக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவுதான்.

பிப்ரவரி 26

வருகிறவர்கள் கேட்பது பனிக்கரடியையும், உலகப் பயிர்களின் விதைகளைச் சேமித்து வைக்கும் விதைப் பெட்டகத்தையும். பெட்டகம் 2008இல் திறந்தது. அதற்கு முன் பல பத்தாண்டுகள் இது கம்பெனி ஊர். வீடு, கடை, எல்லாம் கம்பெனியுடையது. புழங்கிய நோட்டுகூடக் கம்பெனி அச்சடித்ததுதான். 1975இல் விமான நிலையம் வரும்வரை, கடல் உறைந்தால் வசந்தம் வரை கப்பல் கிடையாது. அருங்காட்சியகத்தில்கூட இன்றும் வாசலிலேயே காலணியைக் கழற்றுகிறோம். கரித்தூள் உள்ளே வராமலிருக்கச் சுரங்கத்தார் பழக்கிய வழக்கம் அது.

மார்ச் 3

காற்று பலம். கரித் தொட்டிகள் தொங்கி வந்த கம்பிவடத்தின் மரத்தூண்கள் பள்ளத்தாக்கு நெடுக நிற்கின்றன. 1943 செப்டம்பரில் ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் சுட்டு ஊரே எரிந்தது. 1946க்கு முந்தைய மனிதச் சுவடு எதுவானாலும் இங்கே சட்டம் காக்கிறது. துருப்பிடித்த ஆணியைக்கூட எடுக்கக் கூடாது. மிக நல்ல சட்டம்.

மார்ச் 8

குளிர்கால இருட்டுக்குப் பின் பழைய மருத்துவமனைப் படிக்கட்டில் முதல் வெயில் விழும் நாள். கட்டடம் போய்விட்டது, படிக்கட்டு இருக்கிறது. முகத்தில் மஞ்சள் பூசிய பிள்ளைகள் சூரியனைக் கத்திக் கூப்பிட்டார்கள். நானும்தான்.

மார்ச் 10

மின்நிலையம் 2023இலேயே கரியை விட்டு டீசலுக்கு மாறிவிட்டது. நார்வேயின் கடைசி நிலக்கரிச் சுரங்கமான ஏழாம் எண் 2025 ஜூனில் மூடப்பட்டது. இதே தீவுகளில் உள்ள பாரன்ட்ஸ்பர்க் என்ற ஊரில் ரஷ்யர்கள் மட்டும் இன்னும் வெட்டுகிறார்கள். மூடியது சரிதான். உலகத்தின் மற்ற இடங்களைவிட இங்கே பல மடங்கு வேகமாகச் சூடேறுகிறது. 2015 டிசம்பரில் பனிச்சரிவு வீடுகளைத் தள்ளி இரண்டு உயிரைக் கொண்டுபோனது.

ஆனால் ஒன்று மனதை அறுக்கிறது. இங்கே முதியோர் இல்லம் கிடையாது. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாதவர் தங்க வழியில்லை. தூணுக்கும் ஆணிக்கும் காவல் இருக்கிறது, சுரங்கத்தில் உழைத்தவர் மூப்படைந்தால் ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான். அவர்கள் பேச்சைப் பதிவுசெய்ய விரும்புகிறவர், தெற்கே நார்வே ஊர்களில் ஒவ்வொருவராய்த் தேடிப் போக வேண்டும். சீக்கிரம் போக வேண்டும்.