தைராய்டு மாத்திரையும் அமுக்கராவும்: நாலு மணி நேர இடைவெளி ஏன் போதாது

தைராய்டு மாத்திரை எடுப்பவர் மன அழுத்தத்துக்கு அஸ்வகந்தா சாப்பிடலாமா என்று கேட்டால், மெடிக்கல் ஷாப்பிலும் உறவினர் வீட்டிலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நாலு மணி நேரம் தள்ளிப் போட்டுக்கோங்க, ஒண்ணும் ஆகாது." கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு இது சரியான பதில். அஸ்வகந்தாவுக்கு, அதாவது நாட்டு மருந்துக் கடையில் அமுக்கரா என்று கேட்டு வாங்கும் அதே கிழங்குக்கு, இது பாதிப் பதில்கூட இல்லை.

கால்சியமும் இரும்பும் குடலுக்குள் லெவோதைராக்சினை, அதாவது தைராய்டு மாத்திரையில் உள்ள மருந்தை, பிடித்துக்கொண்டு அதை ரத்தத்தில் சேரவிடாமல் செய்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் குடலில் சந்திக்காமல் பார்த்துக்கொண்டால் வேலை முடிந்தது. அமுக்கராவில் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. அது ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன் அளவையே கூட்டக்கூடியது. 1998இல் சுண்டெலிகளில் செய்த ஆய்வில், கிழங்கின் சாறு கொடுத்தபோது டி4 என்ற தைராய்டு ஹார்மோன் ஏறியது. 2018இல் வெளியான இந்திய ஆய்வில், லேசான தைராய்டு குறைபாடு உள்ள 50 பேரில் பாதிப் பேருக்கு தினம் 600 மில்லிகிராம் வேர் எக்ஸ்ட்ராக்டை 8 வாரம் கொடுத்தார்கள். அவர்களுக்கு டிஎஸ்எச் (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு ஹார்மோன் கூடினால் இது இறங்கும்) இறங்கியது, டி4உம் இன்னொரு தைராய்டு ஹார்மோனான டி3யும் ஏறின. சிறிய ஆய்வுதான். ஆனால் அதைக் காட்டி "தைராய்டுக்கு நல்லது" என்று விற்பவர்கள், ஏற்கெனவே மாத்திரை எடுப்பவருக்கு அதே விளைவு என்ன செய்யும் என்று சொல்வதில்லை. காலையில் மாத்திரை, ராத்திரி கேப்சூல் என்று பிரித்து வைத்தாலும் ரத்தத்தில் இரண்டின் விளைவும் ஒன்றாகத்தான் கூடி நிற்கும்.

எவ்வளவு கூடும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோயில் சுரப்பியின் ஒரு பகுதி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கலாம். தினம் 25 அல்லது 50 மைக்ரோகிராம் மட்டும் எடுப்பவர்கள் பலர் இந்த வகை. இவர்களுக்குத்தான் டோஸ் மிஞ்சிப்போக வாய்ப்பு அதிகம். சுரப்பி முழுவதையும் அறுவை செய்து எடுத்தவரிடம் தூண்டிவிட மிச்சம் எதுவும் இல்லை என்றாலும், புற்றுநோய்க்காக எடுத்தவர்களுக்கு டிஎஸ்எச்சைக் குறிப்பிட்ட வரம்புக்குள் வைத்திருப்பதே சிகிச்சை. அதைக் குழப்பக்கூடிய எதையும் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்காமல் சேர்க்கக் கூடாது. தைராய்டு அதிகமாகச் சுரந்து, அதை அடக்கக் கார்பிமசோல் எடுப்பவர்கள் அமுக்கராவைத் தொடவே வேண்டாம்.

இதில் பலர் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. டி4இன் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். அதனால் எந்த மாற்றமும் மெதுவாகத்தான் ஏறும், மெதுவாகத்தான் இறங்கும். முதல் இரண்டு வாரம் தூக்கம் நன்றாக வரும், மனசு லேசாகும். ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, காரணமில்லாத எரிச்சல், நடு ராத்திரியில் விழிப்பு என்று தொடங்கினால், அதற்கும் கேப்சூலுக்கும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. "ஸ்ட்ரெஸ் திரும்பி வந்துடுச்சு" என்று ஒரு கேப்சூலை இரண்டாக்குவார்கள். ஹார்மோன் மிகுந்தால் வரும் அறிகுறிகளும் மன அழுத்தத்தின் அறிகுறிகளும் உடம்பில் ஒரே மாதிரிதான் இருக்கும். 2005இல் நெதர்லாந்தில் பதிவான ஒரு நோயாளி, கேப்சூல் அளவைக் கூட்டியபின் தைராய்டு மிகைக்கு ஆளானார், நிறுத்தியதும் சரியானது. படபடப்பு வந்தால் டோஸைக் கூட்டாதீர்கள். ரத்தத்தில் டிஎஸ்எச்சும் ஃப்ரீ டி4உம் (புரதத்தோடு ஒட்டாமல் தனித்திருக்கும் டி4) பாருங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். டிஎஸ்எச் நீண்ட நாள் தாழ்ந்தே கிடந்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும்.

அளவுக்கு வருவோம். "500 மில்லிகிராம்" என்று டப்பாவில் போட்டிருப்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. கிழங்கை வெறுமனே இடித்த பொடியா, எக்ஸ்ட்ராக்டா என்று முதலில் பாருங்கள். செயல்படும் பொருளான வித்தனோலைடு பொடியில் பொதுவாக 1 சதவீதத்துக்கும் குறைவு. 5 சதவீத எக்ஸ்ட்ராக்டில் 600 மில்லிகிராம் எடுத்தால் 30 மில்லிகிராம் வித்தனோலைடு உள்ளே போகும். 35 சதவீத எக்ஸ்ட்ராக்டில் 120 மில்லிகிராமே 42 மில்லிகிராம் தந்துவிடும். ஆக, சின்ன கேப்சூல்தான் பலமான கேப்சூலாக இருக்கலாம். சதவீதம் போடாத டப்பாவை வாங்காதீர்கள். "வேர் மட்டும்" என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அஸ்வகந்தா தயாரிப்புகளில் இலையைச் சேர்க்க வேண்டாம் என்று 2021இல் ஆயுஷ் அமைச்சகமே உற்பத்தியாளர்களுக்குச் சொல்லியிருக்கிறது.

சித்த மருத்துவத்தின் அமுக்கராச் சூரணம் வேறு கணக்கு. இலவங்கம் 1, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று ஒவ்வொன்றும் முந்தியதற்கு இரட்டிப்பாகப் போகும் பக்குவம் அது. மொத்தம் 255 பங்கில் அமுக்கரா 64, அதாவது கால் பங்கு. 2 கிராம் சூரணத்தில் அரை கிராம் கிழங்குதான். இந்த அளவு, பலமான எக்ஸ்ட்ராக்ட் கேப்சூலோடு ஒப்பிட்டால் மென்மையானது. ஆனால் பாதியளவு சர்க்கரை என்பதால் நீரிழிவுக்காரர்கள் கவனிக்க வேண்டும். மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் வேறு சில மருந்துகள் ரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டும். வலிப்புக்கு ஃபெனிடோயின் எடுப்பவர் இதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். இதை ராத்திரி பாலில் கலந்து குடிப்பது வழக்கம். தைராய்டு மாத்திரையைப் படுக்கும் முன் எடுப்பவருக்கு அந்தப் பால்தான் இடைஞ்சல், ஏனென்றால் பாலும் மாத்திரை உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். அவர்கள் மாத்திரையைக் காலை வெறும் வயிற்றுக்கு மாற்றிக்கொள்வது நல்லது: தண்ணீரோடு மட்டும், காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால்.

சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பி சுரக்கும் மன அழுத்த ஹார்மோனான கார்டிசாலை அமுக்கரா குறைக்கிறதா? 2012இல் வந்த ஆய்வில் 64 பேரில் ஒரு பிரிவினர் 300 மில்லிகிராம் எக்ஸ்ட்ராக்டை தினம் இரண்டு வேளை 60 நாள் எடுத்தார்கள். அவர்கள் ரத்தத்தில் கார்டிசால் கால் பங்குக்கு மேல் குறைந்தது. அதனால் மன அழுத்தத்துக்கு அது உதவக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. மறுப்பது "அட்ரினல் களைப்பு" என்ற பெயரில் விற்கும் கலவைகளை. அப்படி ஒரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் ஏற்பதில்லை. அந்தக் கலவைகளில் அமுக்கராவோடு அதிமதுரமும் இருக்கும். அதிமதுரத்தில் உள்ள கிளிசரைசின், கார்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் நொதியைச் சிறுநீரகத்தில் தடுக்கிறது. குறைப்பதாகச் சொல்லும் ஹார்மோனின் வேலையை அங்கே நீட்டித்துவிடுகிறது. விளைவு: ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். தைராய்டு ஹார்மோன் மிகுந்த உடம்பில் பொட்டாசியமும் குறைந்தால் இதயத்துக்கு இரட்டை அடி. இருமலுக்கு ஒரு துண்டு அதிமதுரம் மெல்வதைச் சொல்லவில்லை; தினமும் மாதக்கணக்கில் எடுப்பதைச் சொல்கிறேன்.

துளசிச் சாறு சுண்டெலிகளில் எதிர்த்திசையில் டி4ஐக் குறைத்தது. தேநீரில் போடும் நாலு இலைக்குப் பயப்பட வேண்டாம். "தைராய்டு சப்போர்ட்" என்ற பெயரில் வரும் மாத்திரைகள்தான் மோசம். 2013இல் அமெரிக்காவில் அப்படிப்பட்ட 10 தயாரிப்புகளைச் சோதித்தபோது 9இல் டி3 ஹார்மோனே இருந்தது, 5இல் டி4 இருந்தது. முடி கொட்டுவதற்கும் ஸ்ட்ரெஸுக்கும் சேர்த்து விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கும். அது ஹார்மோனை மாற்றாது, சில லேப் சோதனை முறைகளை ஏமாற்றும்: டிஎஸ்எச் குறைந்தும் டி4 கூடியும் இருப்பதாகப் பொய் ரிசல்ட் வரும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

எடை குறைதல், நிற்கும்போது தலைசுற்றல், உப்பின் மேல் அடங்காத ஆசை, உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுத்துப்போதல் என்று களைப்போடு சேர்ந்து இருந்தால் எந்த மூலிகையும் வேண்டாம். காலை 8 மணிக்குக் கார்டிசால் சோதனை செய்யுங்கள். ஹாஷிமோட்டோ இருப்பவர்களில் சிலருக்கு அட்ரினல் சுரப்பியும் அதே வகைத் தன்தாக்குதலில் பழுதாகும். அதைக் கண்டுபிடிக்காமல் தைராய்டு மாத்திரையைத் தொடங்கினாலோ கூட்டினாலோ, இருக்கிற கொஞ்சநஞ்சக் கார்டிசாலும் வேகமாகக் கழிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

இவ்வளவுக்குப் பிறகும் அமுக்கரா வேண்டும் என்றால், தைராய்டு டாக்டரிடமும் சித்த மருத்துவரிடமும் ஒருவர் கொடுத்ததை மற்றவருக்குக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். கர்ப்பமாக இருப்பவரும், அதற்குத் திட்டமிடுபவரும், கல்லீரல் நோய் உள்ளவரும் வேண்டாம். தைராய்டு டோஸை அண்மையில் மாற்றியிருந்தால், டிஎஸ்எச் நிலைக்கு வரும்வரை காத்திருங்கள். இரண்டையும் ஒரே மாதத்தில் மாற்றினால் எது எதனால் என்று யாராலும் பிரிக்க முடியாது. தொடங்கும் முன் டிஎஸ்எச், ஃப்ரீ டி4, கல்லீரல் சோதனை மூன்றையும் எடுத்து வையுங்கள். ஒரே மூலிகை, ஒரே தயாரிப்பு, குறைந்த அளவு. 6 முதல் 8 வாரத்தில் மறுபடி அதே லேபில், மாத்திரை போடும் முன் காலையில் ரத்தம் கொடுங்கள். கல்லீரலை ஏன் சேர்க்கிறேன் என்றால், அமுக்கரா எடுத்து 2 முதல் 12 வாரத்துக்குள் மஞ்சள் காமாலை வந்தவர்கள் ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் பதிவாகியிருக்கிறார்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்ந்தாலோ உடம்பு அரித்தாலோ அன்றே நிறுத்த வேண்டும்.

டிஎஸ்எச் குறைந்து வந்தால் முதலில் வெளியேற வேண்டியது கேப்சூல். தைராய்டு மாத்திரையை நீங்களே பாதியாக உடைக்காதீர்கள். கேப்சூல் விஷயம் தெரியாத டாக்டர் 100 மைக்ரோகிராமை 75 ஆக்குவார். மூன்று மாதம் கழித்துக் கேப்சூல் தீர்ந்து, வாங்காமல் விட்டால், 75 போதாமல் மறுபடி களைப்பு, மலச்சிக்கல், முகவீக்கம் என்று ஆரம்பிக்கும். அதனால் மூலிகையைத் தொடங்கிய தேதியைப் போலவே நிறுத்திய தேதியையும் தைராய்டு ரிப்போர்ட்டின் மேலேயே எழுதி வையுங்கள். நிறுத்திய ஆறாவது வாரம் இன்னொரு டிஎஸ்எச் பார்க்க வேண்டும்.