வக்காலத்தில் இரண்டாவது பெயர்

மாவட்ட நீதிமன்றங்களைச் சுற்றியுள்ள வக்கீல் அலுவலகங்களில் பெரும்பாலானவை ஒரே மனிதரின் பெயரில் நிற்பவை. கடலூர் மஞ்சக்குப்பத்திலும் அப்படித்தான். பலகையில் இருக்கும் பெயரை நம்பியே குறிஞ்சிப்பாடியிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் கட்சிக்காரர்கள் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்த மனிதர் காலமானால், வழக்கை நடத்த அவருக்கு எழுதிக்கொடுத்த அதிகாரமான வக்காலத்தும் அன்றோடு முடிந்துவிடும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 3, விதி 4 சொல்கிறது. ஒரு சொத்து வழக்கு முன்சீப் கோர்ட்டில் தொடங்கி மேல்முறையீடு, நிறைவேற்று மனு என்று முடிவதற்குள் ஒரு தலைமுறையே கடந்துவிடும் நிலையில், அலுவலகம் மட்டும் ஒருவரின் ஆயுளோடு நின்றுபோவது கட்சிக்காரருக்கு இழைக்கப்படும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

நான் ஜூனியராக இருந்த காலத்தில், எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த மூத்த வக்கீல் ஒருவர் மாரடைப்பில் திடீரென்று காலமானார். சிவில் வழக்குகளில் பேர்பெற்றவர். காரியம் முடிவதற்குள்ளேயே கட்சிக்காரர்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர் குடும்பத்தார் கேட்டுக்கொண்டதன்பேரில் என் சீனியர் என்னையும் எங்கள் குமாஸ்தாவையும் அங்கே அனுப்பினார். அந்த வீட்டு அம்மா பீரோவைத் திறந்துவிட்டு, எதுவும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அசல் கிரயப் பத்திரங்களும் பட்டாக்களும் துணிப்பைகளிலும் பழுப்பு உறைகளிலும் இருந்தன. சில உறைகளின் மேல் ஊர்ப்பெயர் மட்டும் இருந்தது. ஒன்றின் மேல் பென்சிலால் ‘மாமா கேஸ்’ என்று எழுதியிருந்தது. யாருடைய மாமா என்று சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை. ஒவ்வொரு பத்திரமாகப் பிரித்து, பட்டியல் எழுதி, உரியவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்கப் பல வாரங்கள் ஆயின.

பத்திரங்களைவிடக் கடினமாக இருந்தவை வாய்தாக்கள். பாகப்பிரிவினை வழக்கு ஒன்றில் எதிர்வாதிகளில் ஒருவர் ஏற்கெனவே இறந்திருந்தார். வாரிசுகளைச் சேர்க்க 90 நாள் அவகாசம். தவறினால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அபேட் ஆகிவிடும், அதாவது அற்றுப்போய்விடும். அந்தத் தகவல் மறைந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. மனுவை நாளை எழுதலாம் என்று இருந்திருக்கலாம். வழக்குக் கட்டுக்குள் ஒரு குறிப்பும் இல்லை. புதிதாக வக்காலத்து வாங்கியவர், தாமதத்தை மன்னிக்க ஒரு மனு, அபேட் ஆனதை நீக்க ஒரு மனு, வாரிசுகளைச் சேர்க்க ஒரு மனு என்று மூன்று மனுக்களோடு தொடங்க வேண்டியதாயிற்று. மறைந்தவர் தொழிலில் அசட்டையானவர் அல்லர். நூற்றுக்கணக்கான வழக்குகளை நினைவிலேயே சுமக்கக்கூடியவராக இருந்தார். அந்த ஆற்றலே அவருடைய கட்சிக்காரர்களைப் பின்னால் தவிக்கவிட்டது.

இப்படி நேராமலிருக்க என் சீனியர் ஓர் ஏற்பாட்டை அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கியிருந்தார். எங்கள் அலுவலகத்திலிருந்து போகும் ஒவ்வொரு வக்காலத்திலும் இரண்டு பெயர் இருக்கும். ஒவ்வொரு கட்டின் முகப்பிலும் அரைத்தாள் ஒன்று தைத்திருக்கும்: கடைசி வாய்தாவில் நடந்தது, அடுத்துச் செய்ய வேண்டியது, காலவரம்பு முடியும் நாள், நம்மிடம் இருக்கும் அசல் ஆவணங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டபோது கட்டுகள் பல நனைந்துவிட்டன. அதன்பிறகு அரைத்தாள்களின் நகல்கள் தனிப் பதிவேட்டில் ஏறின.

காகித வேலை எளிது. கட்சிக்காரரின் நம்பிக்கையைக் கைமாற்றுவதுதான் அரிது. அறுபத்தைந்து வயதுக்குப் பிறகு சீனியர் குறுக்கு விசாரணைகளை ஒவ்வொன்றாக என்னிடம் விட்டார். “பெரியவர் வரமாட்டாரா?” என்று கேட்காத கட்சிக்காரர் இல்லை. அவர் வருவார், பின்வரிசையில் உட்காருவார், வாயே திறக்கமாட்டார். நான் சாட்சியைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது கட்சிக்காரர் அவரையே திரும்பித் திரும்பிப் பார்ப்பார். மாலையில் அலுவலகத்துக்கு வந்து சந்தேகம் கேட்டால், “தம்பிகிட்ட கேளுங்க, கட்டு அவருகிட்டதான் இருக்கு” என்பார். சில வாய்தாக்கள் கழித்துக் கட்சிக்காரர் என்னையே பார்க்கத் தொடங்கிவிடுவார். அதைக் கவனித்த பிறகுதான் சீனியர் அந்த வழக்குக்கு வருவதை நிறுத்துவார்.

பிறகு கூட்டாண்மைப் பத்திரம் எழுதினோம். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழியப் பங்குதாரர் ஒருவர் இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும். அந்த ஒரு வரிக்காகவே பத்திரம் எழுதிக்கொள்வது நல்லது. பார் கவுன்சில் விதிகள் வக்கீல் அல்லாதவருடன் ஃபீஸைப் பங்கிட்டுக்கொள்வதைத் தடுக்கின்றன. ஆகவே ஒருவர் இறக்கும் நாள்வரை செய்த வேலைக்கான நிலுவையை எப்படிக் கணக்கிட்டு அவர் குடும்பத்துக்குச் சேர்ப்பது என்பதையும் முன்கூட்டியே எழுதிவைத்தோம். கட்சிக்காரர் வேறு வக்கீலிடம் போக நினைத்தால் கட்டைக் கொடுத்துவிட வேண்டும்; ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்துவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே ஆர்.டி. சக்சேனா வழக்கில் தீர்த்துவிட்டது.

மகனோ மகளோ சட்டம் படித்துவிட்டால் வாரிசுப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் எங்கள் வக்கீல் வட்டாரத்தில் நிறைய உண்டு. பிராது எழுதிப் பழகி, நகல் பிரிவில் கால் கடுக்க நின்று வந்த பிள்ளையானால் நல்லதுதான். ஆனால் அந்த உழைப்பைச் செய்யும் வெளி ஜூனியர்கள் பலர் பஸ் செலவுக்கும் போதாத பணத்தோடு சில ஆண்டுகளில் தொழிலையே விட்டுப் போகிறார்கள். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், புதுச்சேரி வழக்கறிஞர் நலநிதி தொடர்பான வழக்கு ஒன்றில், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தரப்பட வேண்டும் என்றது. அந்தத் தொகை கைக்கு வந்தால்தான் ஒரு ஜூனியர் ஒரு வழக்கை முதல் வாய்தாவிலிருந்து தீர்ப்புவரை பார்க்க முடியும். அப்படிப் பார்க்காதவரிடம் எந்த அலுவலகத்தையும் ஒப்படைக்க முடியாது.

பக்கத்தில் புதுச்சேரியில் இந்தக் கவலைக்கு இன்னொரு முகமும் உண்டு. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் பத்திரங்களைச் சான்றளித்த அதிகாரியான நொத்தேர் முன் எழுதப்பட்ட ஆவணங்கள் பிரெஞ்சு மொழியில் இருக்கின்றன. 1954இல் ஆட்சி கைமாறிய பிறகும் அவை உரிமை மூலங்களாகக் கோர்ட்டுக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைச் சரளமாகப் படிக்கும் மூத்த வக்கீல்கள் குறைந்துவருகிறார்கள். அங்குள்ள நண்பர் ஒருவர், தம் சீனியரைப் பழைய கட்டுகளைப் படிக்கச் சொல்லி, சுருக்கத்தைத் தமிழில் எழுதி வாங்கிவருகிறார். சனிக்கிழமை மதியங்கள் அதற்கே போகின்றன.

இணையவழி மனுத்தாக்கலான இ-ஃபைலிங் வந்தபிறகு பதிவுசெய்த கைபேசி எண்ணுக்கு ஓ.டி.பி. வருகிறது, அந்தக் கைபேசி மறைந்தவரின் மேசை இழுப்பறையில் அணைந்து கிடந்தால் வாய்தாத் தகவலும் அங்கேயே கிடக்கும். அதனால் எங்கள் பதிவேட்டில் ஒவ்வொரு வழக்குக்கும் உரிய தனி அடையாளமான 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையும் எழுதிவைக்கிறோம், அதை வைத்து யார் வேண்டுமானாலும் வழக்கு நிலையைப் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் குமாஸ்தா அண்ணன் ஓய்வுபெற விரும்புகிறார். எந்த நகல் மனு எங்கே தேங்கி நிற்கிறது, எந்த அமீனாவிடம் எந்தச் சம்மன் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் தினமும் அவரோடு பிரிவு பிரிவாகப் போய்வருகிறார். இருவருக்கும் முழுச் சம்பளம் கொடுக்கிறோம். ஒரே வேலைக்கு இரண்டு சம்பளமா என்று கணக்குப் பார்க்கும் தணிக்கையாளர் கேட்டார். அண்ணன் போகும்வரை அப்படித்தான் என்று சொல்லியிருக்கிறோம்.