மரக்கரண்டி

அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய் திரும்பிவிட்டது. கடைசி கீமோ முடிந்து 14 மாதம். இந்தப் புற்றுநோயைக் கண்காணிக்கப் பார்க்கும் ரத்தச் சோதனை அளவான சிஏ-125 வழக்கமாக 35-க்குக் கீழே இருக்க வேண்டும். போன தடவை 11, இப்போது 212. ரிப்போர்ட்டைப் பார்த்து நான் நின்ற நிலையைப் பார்த்து, "என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்று அம்மாதான் கேட்டாள்.

ஆறு மாதத்துக்கு மேல் கழித்து வந்திருப்பதால் கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்து மறுபடி வேலை செய்ய நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார் டாக்டர். அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இது பரம்பரையாக வரக்கூடியதா என்று பார்க்கும் பிஆர்சிஏ மரபணுச் சோதனைக்கும் ரத்தம் கொடுத்தாயிற்று. பாசிட்டிவ் என்றால் அக்காவும் நானும் சோதித்துக்கொள்ள வேண்டும். அதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் தன் நோயை விட்டுவிட்டு எங்களுக்காக அழ ஆரம்பித்துவிடுவாள்.

கீமோ மறுபடி தொடங்கியாயிற்று. ஏற்றிய மறுநாள் தயிர்சாதம்கூட இரும்பு மாதிரி ருசிக்கிறதாம். எவர்சில்வர் ஸ்பூனைத் தூக்கிப் போட்டுவிட்டு மரக்கரண்டி வாங்கினேன், கொஞ்சம் பரவாயில்லை. நார்த்தங்காய் ஊறுகாய் இறங்குகிறது, வாய்ப்புண் வராத வரைக்கும்.

அப்புறம், போன் செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "தைரியமா இருங்க" வேண்டாம். நேற்று பெரியம்மா அரைமணி நேரம் ஊர்வம்பு பேசினாள். அம்மா சிரித்த சத்தம் அடுப்படி வரை கேட்டது.