கடைசி அம்மோனைட் எந்த அடுக்கில்?

வீட்டில் சாளக்கிராமம் இருந்தால் அதிலுள்ள சக்கரத்தைப் பாருங்கள். அது அம்மோனைட்டின் சுருள் ஓடு; கணவாய்க்கு உறவான, அழிந்துபோன கடல் உயிரினம் அது. சாளக்கிராமம் கிடைக்கும் நேபாளத்தின் கண்டகி ஆற்றுக் கற்கள் பெரும்பாலும் ஜுராசிக் காலத்தவை. நம் பெரம்பலூர் மாவட்டம் காரையில் கிடைப்பவை அதற்குப் பிந்திய கிரெட்டேசியஸ் காலத்தவை.

இந்தக் கூட்டம் பலமுறை விழுந்து எழுந்தது. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் முடிவில், விரல்விட்டு எண்ணக்கூடிய கிளைகளே தப்பின. பிறகு ஒன்றிரண்டு பத்து லட்சம் ஆண்டுகளில் மறுபடி பெருகின. 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்னொரு அடி. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எழ முடியாத அடி.

அந்தக் கடைசி வீழ்ச்சி மெல்ல நடந்ததா, சட்டென்றா? ஸ்பெயினின் சுமாயா கடற்கரையில் புதைபடிவ ஆய்வாளர் பீட்டர் வார்ட் முதலில் தேடியபோது, அம்மோனைட்டுகள் அந்த அழிவைக் குறிக்கும் எல்லைக் களிமண் அடுக்குக்குப் பல மீட்டர் கீழேயே நின்றுபோனதாகத் தெரிந்தது. தேடலைக் கூட்டி, பிஸ்கே விரிகுடாவின் பிற கரைகளையும் பார்த்தபோது எல்லையை ஒட்டியே அவை கிடைத்தன. அரிதான உயிரினத்தின் உண்மையான கடைசி நபர் நம் கைக்குக் கிடைப்பது அபூர்வம். அதனால் ஒரே நாளில் எல்லாம் செத்திருந்தாலும் பாறையில் ஒவ்வொன்றாக மறைவதுபோலத்தான் தெரியும். 1982இல் சிக்னர், லிப்ஸ் என்ற ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியது இதைத்தான்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. அந்த இனம் எத்தனை அடுக்குகளில் கிடைத்தது என்று எண்ணி, அதில் ஒன்றைக் கழியுங்கள். 0.05க்கு அத்தனையாவது மூலம் எடுத்து, 1ஐ அதால் வகுத்து, வந்ததில் 1ஐக் கழியுங்கள். முதல் அடுக்கிலிருந்து கடைசி அடுக்கு வரையுள்ள கனத்தை அதனால் பெருக்கினால், 95 சதவீத நம்பிக்கையோடு அந்த இனம் இன்னும் எவ்வளவு மேலே வரை வாழ்ந்திருக்கலாம் என்பது கிடைக்கும். 20 மீட்டர் கனத்தில் 10 அடுக்குகளில் கிடைத்தால் சுமார் 8 மீட்டர். 5 அடுக்குகள் மட்டுமென்றால் 22 மீட்டர்! 20 அடுக்குகள் என்றால் மூன்றரை மீட்டர்கூட இல்லை. எனவே ஐந்து இடங்களில் கிடைத்ததை வைத்து "இங்கே அழிந்தது" என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

கணக்கு எங்கே உடையும்? கண்டெடுப்புகள் பாறை முழுக்கச் சீராக விரவியிருக்கின்றன என்று அது எடுத்துக்கொள்கிறது. கடல் ஆழம் குறைந்து மணற்பாறையாக மாறினால் அது பொருந்தாது. இடையில் படிவு நின்று போயிருந்தாலும் சிக்கல்தான்: மெல்ல நடந்த அழிவுகூட ஒரே கோட்டில் முடிந்ததாகத் தெரியும். இதற்கு நேர்மாறாக, பழைய ஓடுகள் அரித்தெடுக்கப்பட்டுப் புதிய அடுக்கில் சேர்ந்தால், செத்தது உயிரோடிருந்ததாகிவிடும். தேய்ந்த விளிம்பும், உள்ளே நிறைந்த மண் சுற்றுப்பாறையோடு ஒத்துப்போகாததும் அதற்கான அடையாளம்.

களத்தில் அடியிலிருந்து டேப் பிடித்து அளந்து, பாறையில் பதிந்திருப்பதை மட்டும் கணக்கில் சேருங்கள். சரிவில் உருண்டு கிடப்பவை மேலேயிருந்து வந்தவை. தனியே குறித்தால் போதும். ஒன்றும் கிடைக்காத அடுக்குகளையும் அவசியம் எழுதுங்கள். அம்மோனைட் ஓடு அரகோனைட் என்ற சுண்ணாம்புக் கனிமம், எளிதில் கரையும். சிப்பிகளில் ஆளிக்கு (oyster) கால்சைட் என்ற வேறு வகைச் சுண்ணாம்புக் கனிமம், அது நிலைக்கும். ஆளி நிறைந்து அம்மோனைட் இல்லாத அடுக்கைக் கண்டால், உயிரினம் போனதா, ஓடு கரைந்ததா என்று பார்க்க வேண்டும். ஓட்டுக்குள் நிறைந்து இறுகிய மண்ணான உள்ளச்சு மட்டும் மிஞ்சியிருக்கிறதா என்று பிளந்து தேடுங்கள்.