தூங்கப் போவதற்கு முன் பத்து நிமிடம்: சின்னப் பிள்ளைகளோடு குடும்ப ஜெபம்

இரண்டு வயதிலும் ஐந்து வயதிலும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் குடும்ப ஜெபம் அமைதியாக நடக்காது. சின்னது தரையில் உருளும். பெரியது "ஆமென்" வருவதற்குள் நாலு கேள்வி கேட்கும். "கொஞ்சம் வளரட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம்" என்று தள்ளிவைக்கிற பெற்றோர் நிறையப் பேர். தள்ளிவைக்காதீர்கள். ஏழு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு நீண்ட விளக்கம் எதுவும் வேண்டாம். தினமும் அதே நேரம், அதே இடம், அதே பாட்டு, அதே மடி கிடைத்தால் போதும். நேற்று வந்த வார்த்தை இன்றும் அதே இடத்தில் வரும்போது அந்த முகத்தில் வருகிற சந்தோஷத்துக்காகவே இதைச் செய்யலாம்.

பெரும்பாலான வீடுகளில் இது நின்றுபோவதற்குக் காரணம் நேரம்தான். எல்லா வேலையும் முடிந்த பிறகு, கடைசியில் ஜெபம் என்று வைத்தால் அதற்குள் பிள்ளை களைத்துப்போயிருக்கும். கண்ணைக் கசக்குகிறது, காரணமில்லாமல் அழுகிறது என்றால் நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். சாப்பிட்டு, பல் தேய்த்து, உடை மாற்றியதும், தூங்குகிற நேரத்துக்கு அரை மணி முன்னால் உட்காருங்கள். விளையாட்டுச் சாமான்களைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்துவிடுங்கள். அப்பாவோ அம்மாவோ வேலையிலிருந்து வரத் தாமதமானால் காத்திருக்க வேண்டாம், வீட்டில் இருப்பவர் நடத்தட்டும். வராதவர் மறுநாள் காலையில் கிளம்பும்போது தலையில் கைவைத்து ஒரு வரி ஆசீர்வாதம் சொன்னால் அவருடைய பங்கும் வந்துவிடும்.

எவ்வளவு நேரம்? இரண்டு வயதுக்கு மூன்று நிமிடம், நாலு வயதுக்கு ஐந்து அல்லது ஆறு, ஆறு வயதுக்குப் பத்து. வெவ்வேறு வயதில் பிள்ளைகள் இருந்தால் சின்னதின் அளவுக்கு எல்லாரும் சேர்ந்து இருங்கள். அது எழுந்து ஓடிய பிறகு பெரியதோடு இன்னும் ஐந்து நிமிடம் தொடரலாம். "இன்னும் ஒரு பாட்டு" என்று கேட்கும்போதே முடித்துவிடுவது நல்லது. நாளைக்கு ஓடிவந்து உட்காரும்.

பாட்டில் தொடங்குங்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறளத் தேவையில்லை. பாட்டுக் கேட்டதும் பிள்ளைகளே வந்துவிடுவார்கள். ஒரு மாதம் முழுக்க ஒரே பாட்டு, ஒரே ஒரு சரணம், கையசைவோடு. இங்கே பலரும் கவனிக்காத ஒன்று சுருதி. அப்பா தன் குரலுக்கு வசதியாகக் கீழே எடுத்தால் பிள்ளையால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. பாடாமல் பேசும், இல்லையென்றால் கத்தும். பெரியவருக்குக் கொஞ்சம் உயரமாகத் தோன்றுகிற இடத்தில் எடுங்கள். பிள்ளையின் குரல் தானாக வந்து சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது கதை. இரண்டு நிமிடம், ஒரே ஒரு காட்சி. சகேயுவின் கதை என்றால் அவன் காட்டத்தி மரத்தில் ஏறியது, இயேசு அண்ணாந்து பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டது, அவன் சீக்கிரமாய் இறங்கியது, அவ்வளவுதான். அவன் செய்த வரி வசூல், நாலு மடங்காகத் திருப்பிக் கொடுப்பது எல்லாம் வேறொரு நாளுக்கு. முடிந்ததும் "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு நாலு வயதுப் பிள்ளை நம் முகத்தைப் பார்த்து, நமக்குப் பிடித்த பதிலைத் தேடும். "சகேயு எங்கே உட்கார்ந்திருந்தான்? நீயாக இருந்தால் இறங்கியிருப்பாயா?" என்று கேளுங்கள். பேச்சு தானாக வரும்.

நடிக்க முடிகிற கதை கிடைத்தால் விடாதீர்கள். சாமுவேல் முதல் புத்தகம் 3-ஆம் அதிகாரம் தூங்கப் போகிற நேரத்துக்காகவே எழுதியதுபோல் இருக்கும். ஆண்டவர் இரவில் சிறுவன் சாமுவேலைக் கூப்பிட, ஆசாரியன் ஏலிதான் கூப்பிடுகிறார் என்று நினைத்து அவன் ஓடுகிற கதை அது. அறையின் ஒரு மூலையில் பிள்ளை படுத்துக்கொள்ளட்டும், மறுமூலையில் ஏலியாக நீங்கள். கூப்பிடுகிற குரல் கேட்டதும் "இதோ, இருக்கிறேன்" என்று மூன்று முறை ஏலியிடம் ஓடிவர வேண்டும். மூன்று முறையும் திருப்பி அனுப்ப வேண்டும். நாலாவது முறை, படுத்த இடத்திலேயே "சொல்லும்; அடியேன் கேட்கிறேன்." ஒரு வாரம் தினமும் இதையே கேட்பார்கள், கொடுங்கள். சங்கீதம் 136-உம் அப்படித்தான். 26 வசனம், ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்றே முடியும். நீங்கள் முன்பாதியைச் சொல்ல, பிள்ளைகள் பின்பாதியைச் சொல்லட்டும். எழுத்துத் தெரியாத பிள்ளையும் முழு சங்கீதத்தில் பங்கெடுக்கிறது. ஆனால் நடுவில் யுத்தமும் மரணமும் வருகிற வசனங்கள் இருக்கின்றன. சின்னவர்களுக்கு முதல் 9 வசனமும் கடைசி இரண்டும் போதும்.

எல்லாக் கதையும் எல்லா வயதுக்கும் அல்ல. நோவாவின் பேழையில் மிருகங்கள் ஏறுவதையும் வானவில்லையும் மூன்று வயதில் சொல்லலாம். ஆபிரகாம் ஈசாக்கைப் பலிகொடுக்கப் போனதை இன்னும் சில வருடம் ஒத்திவைப்பதே எங்கள் விருப்பம். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை அதில் விசுவாசத்தைக் கேட்காது; "அப்பா என்னையும் அப்படிச் செய்வாரா?" என்றுதான் கேட்கும், பல நேரம் வாய்விட்டுக் கேட்காமலே.

வாசிக்கும்போது கையில் அச்சடித்த வேதாகமம் இருக்கட்டும். போனில் வாசித்தால் நடுவில் ஏதாவது ஒரு செய்தி வந்து ஒளிரும், பிள்ளைக்கும் அதில் ஓடுகிற வீடியோதான் நினைவுக்கு வரும்.

மனப்பாட வசனத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வையுங்கள். முதலில் "இயேசு கண்ணீர் விட்டார்" (யோவான் 11:35). மூன்றே சொல், மூன்று வயதுக்குச் சரியான அளவு. அடுத்தது "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" (சங்கீதம் 56:3). இருட்டுக்குப் பயப்படுகிற வயதில் இது உண்மையிலேயே கைகொடுக்கும். நீளமான வசனத்தைப் பின்னாலிருந்து கற்றுக்கொடுங்கள். முதலில் "நம்புவேன்", பிறகு "உம்மை நம்புவேன்", பிறகு "நாளில் உம்மை நம்புவேன்." முன்னாலிருந்து போனால் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போய் நடுவில் தடுமாறும். பின்னாலிருந்து வந்தால் எப்போதும் தெரிந்த இடத்தில் போய் முடியும், அதனால் குரலும் கடைசியில் பலமாகும்.

இனி ஜெபம். மூன்று வரி போதும்: ஒரு நன்றி, ஒரு மன்னிப்பு, ஒரு விண்ணப்பம். "எல்லாவற்றுக்கும் நன்றி" என்பது பிள்ளைக்குப் பிடிபடாது. "இன்றைக்கு மழையில் நனைந்ததற்கு நன்றி" என்பது பிடிபடும். புதுச் செருப்புக்கு நன்றி சொன்னால் சிரிக்காதீர்கள், திருத்தாதீர்கள், விருந்தாளி முன்னால் மறுபடியும் சொல்லச் சொல்லாதீர்கள். காட்சிப்பொருளாகிவிட்ட ஜெபம் அடுத்த நாளே காணாமல் போகும். மன்னிப்பைப் பெரியவர் முதலில் சொல்ல வேண்டும், எதற்கென்று குறிப்பிட்டு: "இன்று காலையில் கோபத்தில் சத்தம் போட்டுவிட்டேன், மன்னியும்." அதைக் கேட்ட பிள்ளைக்குத் தன்னுடையதைச் சொல்லப் பயம் இருக்காது.

மிகப் பெரிய கேடு, ஜெபத்தில் வைத்துத் திட்டுவது. "ஆண்டவரே, தம்பியை அடிக்கிற இந்தக் கெட்ட பழக்கத்தை இவனிடமிருந்து எடுத்துப்போடும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் அது பிள்ளைக்கு அடிதான். அதுவும் ஆண்டவர் முன்னால் அடி. கண்டிப்பைப் பகலிலேயே முடித்துவிடுங்கள். "நான் சொல்ல மாட்டேன்" என்று ஒரு பிள்ளை அடம்பிடித்தால் வற்புறுத்தாமல் "இன்றைக்கு உனக்காக நான் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடருங்கள். யார் முதலில் என்ற சண்டை வந்தால் கிழமையைப் பிரித்துக்கொடுங்கள். அந்தக் கிழமைக்காரர் பாட்டைத் தேர்ந்தெடுப்பார், கடைசி ஆமெனும் அவருடையது.

மரணத்தைப் பற்றிக் கேள்வி வரும், பெரும்பாலும் விளக்கு அணைத்த பிறகு. "தாத்தா தூங்கிவிட்டார்" என்று சொன்னால் தூங்கவே பயப்படும். "நல்லவர் என்பதால் ஆண்டவர் எடுத்துக்கொண்டார்" என்று சொன்னால் நல்ல பிள்ளையாக இருக்கவே பயப்படும். "தாத்தா இறந்துவிட்டார். அவர் உடம்பு இனி மூச்சுவிடாது, அவருக்கு வலிக்காது. ஆண்டவர் அவரைத் திரும்ப எழுப்புவார் என்று நம்புகிறோம். எனக்கும் அழுகை வருகிறது." இவ்வளவு நேராகச் சொல்லலாம். லாசருவின் கல்லறைக்குப் போகும்போதுதான் இயேசு கண்ணீர் விட்டார் என்பதை அப்போது சேர்த்துச் சொல்லுங்கள். மூன்று வயதில் படித்த அந்த மூன்று சொல் அன்றைக்கு உதவும்.

மெழுகுவர்த்தி ஏற்றுகிற வழக்கம் இருந்தால் கைக்கு எட்டாத உயரத்தில், பெரியவர் ஏற்ற வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் பேட்டரி விளக்கு.

முடிவில் ஆசீர்வாதம். எண்ணாகமம் 6-ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேல் ஜனங்களை ஆசீர்வதிக்கும்படி ஆரோனுக்கும் அவன் குமாரருக்கும் கொடுக்கப்பட்ட மூன்று வசனங்கள் இருக்கின்றன (24 முதல் 26 வரை). "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்று தொடங்கும். எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லாமல், ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கைவைத்து, பேரைச் சொல்லி, தனித்தனியாகச் சொல்லுங்கள். ஆளுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. சில மாதம் போனால் பிள்ளை எட்டி உங்கள் தலையிலோ பொம்மையின் தலையிலோ கைவைத்து அதையே சொல்லும். தடுக்காமல் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

காய்ச்சல், பயணம், வீடு நிறைய விருந்தினர் என்று விட்டுப்போகிற நாட்கள் வரும். அந்த நாட்களில் பாட்டும் கதையும் வேண்டாம், ஆசீர்வாதம் மட்டும் போதும். தூங்கிவிட்ட பிள்ளைக்கும் சொல்லலாம். ஒரு வாரத்துக்கு மேல் நின்றுபோயிருந்தால் "இன்றிலிருந்து ஒழுங்காகச் செய்வோம்" என்ற அறிவிப்பு எதுவும் இல்லாமல், பழைய பாட்டை மட்டும் பாடி ஆரம்பியுங்கள். இரண்டு நாள் பாட்டும் ஆசீர்வாதமும், மூன்றாவது நாள் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.