பஞ்சாயத்து வேறு, சமரசம் வேறு

எங்கள் குடும்பத்தில் யாருக்குள் தகராறு வந்தாலும் கடைசியில் அது என் வீட்டு வாசலுக்குத்தான் வரும். சித்தப்பா வீட்டு மதில் சுவர், நாத்தனார் கேட்ட நகைக் கணக்கு, குடியிருப்பில் கார் நிறுத்தும் இடம் என்று எத்தனையோ பார்த்தாயிற்று. இரண்டு பக்கமும் கேட்பேன், கொஞ்சம் யோசிப்பேன், “சரி, இப்படிச் செய்யுங்க” என்று முடித்துவைப்பேன். 17 வருடம் சிவில் வழக்கு நடத்திய வக்கீல் என்பதால் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருந்தது. சமரசர் (மீடியேட்டர்) பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னபோது, “நீ பண்ணாத பஞ்சாயத்தா, உனக்கு எதுக்குப் பயிற்சி?” என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கும் உள்ளுக்குள் அந்த எண்ணம்தான். 40 மணி நேரப் பயிற்சியில் முதல் நாள் முடிவதற்குள் அந்த எண்ணம் போய்விட்டது.

நான் இந்தப் பக்கம் வரக் காரணம் ஒரு பாகப்பிரிவினை வழக்கு. எந்தக் குடும்பம், எந்தச் சொத்து என்றெல்லாம் எழுதமாட்டேன். யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை என் கட்சிக்காரருக்குச் சாதகமாகக் கிடைத்தது. அப்புறம் பங்கைப் பிரித்துக் கொடுக்கும் இறுதித் தீர்ப்பாணைக்கு மனு, கோர்ட் நியமித்த கமிஷனர் வந்து அளந்தது, அதற்கு ஆட்சேபணை, அதன்மேல் அப்பீல் என்று போய்க்கொண்டிருந்தபோது அவர் இறந்துபோனார். வாரிசுகளைச் சேர்க்கும் மனுவில் கையெழுத்துப் போட வந்த அவருடைய மகள், “அப்பாவும் பெரியப்பாவும் கடைசியா எப்பப் பேசிக்கிட்டாங்கன்னு எங்களுக்கே ஞாபகம் இல்ல மேடம்” என்றாள். வழக்கில் நாங்கள் ஜெயித்திருந்தோம். அன்று சாயங்காலம் சேம்பரை விட்டு எழுந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

இத்தனைக்கும் நான் தினமும் நடந்துபோகிற சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சமரச மையம் இருந்தது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் இந்தியாவில் முதன்முதலாகத் தொடங்கியது இங்கேதான், 2005 ஏப்ரல் 9 அன்று. அதை உருவாக்குவதில் முன்னின்றவர் மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சு. 2019ல் அயோத்தி வழக்குக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த மூவர் சமரசக் குழுவிலும் அவர் இருந்தார். அந்தக் குழுவுக்குத் தலைமை வகித்த நீதிபதி கலிஃபுல்லாவும் தமிழ்நாட்டுக்காரர்தான். வழக்கைச் சமரசத்துக்கு அனுப்ப வழிசெய்யும் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு 2002 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை எப்படிச் செயல்படுத்துவது என்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டியதும் சேலம் வழக்கறிஞர் சங்கம் போட்ட வழக்கில்தான். இவ்வளவும் கையெட்டும் தூரத்தில் இருந்தும், கோர்ட் ஒரு வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பினால் அதை இன்னொரு வாய்தாவாகவே பார்த்திருக்கிறேன். இதை எழுதும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம். பாடம் குறைவு, ரோல் பிளே அதிகம். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுப்பார்கள். பொதுவான விவரம் எல்லாருக்கும் ஒன்றே. ஆனால் தரப்பினராக நடிப்பவர்களுக்கு மட்டும் இன்னொரு ரகசியத் தாள் உண்டு.

என் முதல் ரோல் பிளே இது: திருவல்லிக்கேணியில் அப்பா விட்டுப்போன வீடு. அண்ணன் விற்கச் சொல்கிறார், தம்பி மறுக்கிறார். நான் சமரசர். பன்னிரண்டாவது நிமிடத்தில், தரைத்தளம் தம்பிக்கு, மாடி அண்ணனுக்கு, மதிப்பு வித்தியாசத்தைப் பணமாகக் கொடுத்துவிடலாம் என்று ஒரு வழி சொன்னேன். நியாயமான வழிதான். இரண்டு பேரும் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்கள். நான் அதையே வேறு வார்த்தையில் இன்னும் அழுத்திச் சொன்னேன். பயிற்றுநர் நிறுத்தச் சொல்லி, தம்பியாக நடித்தவரிடம் ரகசியத் தாளைப் படிக்கச் சொன்னார். வீட்டு முன்னறையில் அவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். இரண்டு வருடம் வாடகைக்காவது அதே இடத்தில் கடை நடத்த முடியுமென்றால் விற்கச் சம்மதம் என்று அதில் இருந்தது. அண்ணனின் தாளில், பணம் மொத்தமாக உடனே வேண்டாம், ஒரு பகுதி இப்போது வந்தால் போதும் என்று இருந்தது. நான் இரண்டையும் கேட்கவில்லை. விற்கணும், விற்கக் கூடாது என்ற இரண்டு பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு நடுவில் கோடு போடப் பார்த்திருக்கிறேன்.

“நீங்க இன்னும் தீர்ப்பு சொல்லிக்கிட்டு இருக்கீங்க” என்றார் பயிற்றுநர். சொந்தக்காரர்களுக்கு இத்தனை வருடம் நான் முடித்துவைத்த தகராறுகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. மதில் சுவர் விஷயம் முடிந்த பிறகும் சித்தப்பா வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. என் வார்த்தைக்குக் கட்டுப்பட்டார்களே தவிர, அவர்கள் மனதில் இருந்தது அப்படியே இருந்தது.

வக்கீல்களுக்கு இன்னொரு தடை, கேள்வி. குறுக்கு விசாரணையில் பதில் தெரியாத கேள்வியைக் கேட்கக்கூடாது என்று சீனியரிடம் படித்தவள் நான். “நீங்க அந்தப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டீங்களா இல்லையா?” சமரசத்தில் இந்தக் கேள்வி வந்ததுமே எதிரில் இருப்பவர் கதவைச் சாத்திக்கொள்கிறார். பதில் தெரியாத கேள்வியைத்தான் அங்கே கேட்க வேண்டும். “அந்தச் சமயத்துல வீட்டுல நிலைமை எப்படி இருந்தது?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். மூன்று நிமிடம் குறுக்கே பேசாமல் கேட்கிற ஒரு பயிற்சி இருந்தது. அதில்கூட என்னால் உம் கொட்டாமல் இருக்க முடியவில்லை. உம் கொட்டினால் என்ன தப்பு என்று கேட்டேன். நம் ஊரில் உம் கொட்டினாலும் தலையை ஆட்டினாலும் ‘நீங்க சொல்றது சரி’ என்று எடுத்துக்கொள்வார்கள், அப்புறம் “நீங்களே தலையாட்டினீங்களே” என்று அடுத்த அமர்வில் கேட்பார்கள் என்றார் பயிற்றுநர். கண்ணைப் பார்த்துக் கேட்பது, கையில் பேனாவைக் கீழே வைத்துவிடுவது, சொன்னதைச் சுருக்கித் திரும்பச் சொல்வது, இவற்றால்தான் ‘கேட்கிறேன்’ என்று காட்ட வேண்டும். இது கைவர எனக்கு மாதக்கணக்கில் ஆனது.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. பயிற்சி பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தது. மேசைக்கு எதிரில் உட்காரப்போகிறவர்கள் தமிழில் சண்டை போடுகிறவர்கள். ஆங்கிலத்தில் கற்றுக்கொடுத்த வாக்கியங்களை அப்படியே தமிழாக்கினால் நாடக வசனம் மாதிரி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நம் பேச்சில் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டுப் போட்டு எழுதினேன். “நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு பாருங்க” என்பது என் முதல் வரி. வசவைத் தேவையாக மாற்றிச் சொல்வது அடுத்தது. “அவன் அப்பா பணத்த முழுங்கிட்டான்” என்று ஒருவர் சொன்னால், “அப்பாவோட பணம் எதுக்கெல்லாம் செலவாச்சுன்னு உங்களுக்குக் கணக்குத் தெரியணும், அதானே?” என்று கேட்பது. முழுங்கியது போய்க் கணக்கு வந்துவிடுகிறது. கணக்கைப் பற்றிப் பேச முடியும்.

கூப்பிடும் முறையும் அப்படித்தான். ஒரு பயிற்சியில் பெரியவரை ‘ஐயா’ என்றேன், இளையவரை வாய் பழகிய பழக்கத்தில் ‘தம்பி’ என்றேன். தம்பியாக நடித்த சக வக்கீல் பிறகு சொன்னார்: “அந்த ஒரு வார்த்தையிலயே நான் ஒரு படி கீழ உக்காந்துட்டேன் மேடம்.” கணவனை ‘சார்’ என்றும் மனைவியை ‘ஏம்மா’ என்றும் கூப்பிடுகிற வழக்கம் கோர்ட்டில் நமக்கு உறைப்பதே இல்லை. இப்போது அமர்வு தொடங்கும்போதே இருவரையும் எப்படிக் கூப்பிடலாம் என்று கேட்டு, ஒரே அளவில் வைத்துக்கொள்கிறேன்.

நான் அடியோடு விட்ட சொல் ஒன்று உண்டு: ‘விட்டுக்கொடுங்க’. நம் வீடுகளில் இதை யாரிடம் சொல்கிறார்கள் என்று பாருங்கள். தங்கையிடம், மருமகளிடம், கையில் காசில்லாதவரிடம். சமரச அறையில் அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர்கள் இதற்கு முன் அனுசரித்துப்போன எல்லாமும் ஒன்றாக வந்து நிற்கிறது. விருப்பம் இல்லாவிட்டால் எந்த நேரமும் எழுந்துபோகலாம் என்பதுதான் சமரசத்தின் அடிப்படை. பயத்தில் ஒருவர் தலையாட்டுகிறார் என்று தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

மூன்றாம் நாள் நடந்ததை இன்றும் மறக்கவில்லை. கூட்டு அமர்வுக்குப் பிறகு ஒவ்வொரு தரப்பையும் தனியாகச் சந்திப்போம். தனி அமர்வில் சொன்னதை அவர் அனுமதி இல்லாமல் அடுத்தவரிடம் சொல்லக் கூடாது. அன்றைய கதையில் கடன் கொடுத்தவர் என்னிடம் தனியாக, தை மாதம் மகள் கல்யாணம், அதற்குள் பாதியாவது வந்தால் போதும் என்றார். சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். நான் சொல்லவில்லை. கடன் வாங்கியவரிடம் போய், “தைக்குள்ள எவ்வளவு முடியும்?” என்று மட்டும் கேட்டேன். அவர் உடனே, “தைக்குள்ளயா? அவருக்கு என்ன அவசரம்?” என்றார். அவ்வளவுதான். கேள்வியிலேயே ரகசியம் போய்விட்டது. நிஜத்தில் என்றால் அந்தக் கல்யாணத்தை வைத்து அவர் பேரம் பேசியிருப்பார். அன்றிரவு தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு என் குறிப்புத் தாளில், சொல்லக் கூடாததைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொள்கிறேன்; அடுத்த அறைக்குப் போகுமுன் அந்த வட்டங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் எழுவேன்.

வக்கீலாக இருந்தது உதவிய இடமும் ஒன்று உண்டு. சமரசம் ஆகவில்லை என்றால் என்ன நடக்கும்? நல்லபடி நடந்தால் என்ன, மோசமாகப் போனால் என்ன, பெரும்பாலும் என்ன ஆகும் என்று மூன்று பத்தியாக ஒவ்வொரு தரப்பும் தன் வாயால் சொல்லிப்பார்க்க வேண்டும். எத்தனை வருடம், அப்பீல் எங்கே போகும், டிக்ரியை நிறைவேற்றவே இன்னொரு மனு, இதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் நானே அடுக்கினால் அது மிரட்டலாகிவிடும். “உங்க வக்கீல் இது எவ்வளவு நாள் ஆகும்னு சொன்னாரு?” என்று கேட்டால் போதும், கணக்கை அவர்களே போடுவார்கள். கோர்ட் கட்டணம் பற்றியும் சொல்லலாம்: தமிழ்நாட்டில் 89ஆம் பிரிவின்படி முடிந்த வழக்குக்குக் கட்டிய கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். தரப்பினர் தங்களுக்குள் வெளியே பேசி முடித்துக்கொண்டாலும் அது பொருந்தும் என்று 2021ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் சென்னையிலிருந்து போன வழக்கில். 2023ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமரசச் சட்டம் 120 நாள், தேவையென்றால் மேலும் 60 நாள் என்று கால வரம்பு வகுத்திருக்கிறது. பாகப்பிரிவினை வழக்கு நடத்தியவர்களுக்கு அந்த எண்ணின் அருமை தெரியும்.

பயிற்சி முடிந்ததும் நேராக மேசையில் உட்கார்ந்துவிட முடியாது, உட்காரவும் கூடாது. சில மாதங்கள் மூத்த சமரசர்களின் அமர்வில், தரப்பினர் சம்மதத்தோடு, பக்கத்தில் இருந்து பார்த்தேன். அப்புறம் அவர்களோடு சேர்ந்து நடத்தினேன். அங்கே கேட்ட விவரம் எதையும் எழுத முடியாது. ஒரு மூத்த அம்மா கற்றுக்கொடுத்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். அவர் குறிப்புத் தாளின் ஓரத்தில் அவ்வப்போது ஒரு டிக் போடுவார். என்ன என்று கேட்டேன். “வரும்போது ‘எங்க வீடு, எங்க பணம்’னு பேசுவாங்க. யாராவது ஒருத்தர் தெரியாம ‘நம்ம வீடு’ன்னு சொல்லுவாங்க பாரு, அத நான் குறிச்சுப்பேன்” என்றார். தமிழில் ‘எங்க’ என்றால் எதிரில் இருப்பவர் வெளியே. ‘நம்ம’ என்றால் அவரும் உள்ளே. பிறந்ததிலிருந்து பேசுகிற மொழியில் இதை ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை.

தனியாக நடத்திய முதல் சமரசத்துக்கு உயர் நீதிமன்ற மெட்ரோவில் இறங்கி நடக்கும்போது தொடக்க உரையை நான்கு தடவை சொல்லிப்பார்த்தேன். நான் யார், நான் நீதிபதி இல்லை, தீர்ப்பு சொல்லமாட்டேன், இங்கே பேசுவது கோர்ட்டுக்குப் போகாது, ஒருவர் பேசும்போது அடுத்தவர் பொறுத்திருக்க வேண்டும், முடிவு உங்களுடையது. ஐந்து நிமிடம்கூட இல்லை. அந்த ஐந்து நிமிடத்தில் அறையில் இருப்பவர்கள் உங்களை நம்புகிறார்களா என்பது தெரிந்துவிடும்.

நான்கு அமர்வுகள் நடந்தன. வழக்கு முடியவில்லை.

கோர்ட்டுக்கு அனுப்பும் அறிக்கையில் தீர்வு எட்டப்படவில்லை என்று மட்டும்தான் எழுத வேண்டும். யார் பிடிவாதம், எவ்வளவு தூரம் வந்தது, எந்த இடத்தில் முறிந்தது, எதுவும் கூடாது. 17 வருடமாகப் பக்கம் பக்கமாக மனு எழுதிய கைக்கு அந்த ஒரு வரி மிகவும் கஷ்டமாக இருந்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் முறைப்படி என் குறிப்புத் தாள்களைக் கிழிக்க எடுத்தேன். வட்டம் போட்ட வரிகள் நிறைய இருந்தன. நான்காவது அமர்வின் தாளில், ஓரத்தில், இரண்டு டிக் இருந்தது.