பன்னிரண்டரை மணிக்கு வரும் கணக்கு

கோலாலம்பூரில் கச்சாச் செம்பனை எண்ணெயின், அதாவது பாமாயிலின், முன்பேர ஒப்பந்தங்களை (பின்னொரு நாளில் வரும் சரக்குக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தங்கள்) அன்றன்றே வாங்கி அன்றன்றே விற்று முடிக்கும் தொழிலில் என் உழைக்கும் வயதின் பெரும்பகுதி கழிந்தது. வருமானம் நன்றாகவே இருந்தது; பிள்ளைகள் படித்தார்கள், வீட்டுக்கடன் அடைந்தது. இதைக் கேள்விப்படும் இளைஞர்கள், விலை ஏறுமா இறங்குமா என்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றே முதலில் கேட்கிறார்கள். அந்தக் கணிப்புக்கு இத்தொழிலில் உள்ள பங்கு சிறிது. எந்த நேரத்தில் கையில் எத்தனை லாட் இருக்கலாம் என்று முடிவு செய்வதில்தான் எங்கள் பிழைப்பு நின்றது.

மலேசியாவின் பங்குச்சந்தை நிறுவனமான புர்சா மலேசியாவின் முன்பேரச் சந்தையில் ஒரு லாட், அதாவது ஓர் ஒப்பந்தம், என்பது 25 டன். டன்னுக்கு ஒரு ரிங்கிட் விலை அசைந்தால் லாட்டுக்கு 25 ரிங்கிட் வரும் அல்லது போகும். டன் 4,000 ரிங்கிட்டுக்கு விற்கும் நாளில் ஒரு லாட்டின் மதிப்பு 100,000 ரிங்கிட். ஆனால் அதில் ஒரு சிறு பகுதியை முன்வைப்பாகக் கட்டினாலே வியாபாரத்தில் இறங்கிவிடலாம். நல்ல புத்திசாலிகள் பலரை இந்த வசதிதான் வீழ்த்தியது என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இத்தொழிலின் இயல்பை முழுமையாகக் காட்டுவது மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் மாதக் கணக்கு வெளியாகும் நாள். மாதந்தோறும் 10ஆம் தேதியை ஒட்டி, முந்தைய மாதத்தின் உற்பத்தி, ஏற்றுமதி, மாத இறுதிக் கையிருப்பு ஆகியவற்றை வாரியம் பகல் 12.30 மணிக்கு வெளியிடும். காலைச் சந்தை மூடும் நேரமும் அதுவே. பிற்பகல் சந்தை 2.30க்குத்தான் திறக்கும். கணக்கு கண்ணெதிரே இருக்கும், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு இங்கே ஒரு லாட்கூட விற்கவோ வாங்கவோ முடியாது. இதற்கிடையில் 1.30க்குச் சீனாவின் தாலியன் சந்தை இடைவேளை முடிந்து மீண்டும் திறந்து, அங்கே பாமாயில் விலை நம் கணக்குக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிடும். சிகாகோவின் சோயா எண்ணெய் விலையும் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். கையிருப்பு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்து, 20 லாட் வாங்கி வைத்திருப்பவருக்கு 2.30க்குச் சந்தை 60 ரிங்கிட் இறங்கித் திறந்தால், முதல் நொடியிலேயே 30,000 ரிங்கிட் போய்விடும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்த தரகரை நாங்கள் அனைவரும் அண்ணன் என்றே அழைப்போம். அவர் அந்த நாளில் 12.20க்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். நானும் அதையே கடைப்பிடித்தேன். கணக்கை வைத்துப் பந்தயம் கட்டியவர்கள் சில மாதங்களில் எங்களைவிட அதிகமாகச் சம்பாதித்ததும் உண்மை.

எங்கள் வாய்ப்பு பிற்பகலில் இருந்தது. அதே 10ஆம் தேதியில் சரக்கு ஆய்வு நிறுவனங்கள் நடப்பு மாதத்தின் முதல் பத்து நாள் ஏற்றுமதி விவரத்தையும் வெளியிடும். கையிருப்பு கூடியிருந்து, புதிய ஏற்றுமதியும் கூடியிருந்தால், முதல் வீழ்ச்சிக்குப் பிறகு தோட்ட நிறுவனங்கள் தொடர்ந்து விற்கின்றனவா, சுத்திகரிப்பு ஆலைகள் இறங்கிய விலையில் வாங்க வருகின்றனவா என்று கவனிப்பேன். விற்பவர்கள் களைத்துப்போனால் விலை ஓர் இடத்தில் நின்று, சிறு ஆர்டருக்கும் இரண்டு மூன்று ரிங்கிட் மேலே குதிக்கும். அங்கே நான் நுழைவேன். எவ்வளவு நட்டம் ஆனால் வெளியேறுவது என்பதை நுழைவதற்கு முன்பே தாளில் எழுதி வைத்திருப்பேன்.

தோட்டத்தில் குலை வெட்டிய என் அப்பா, "கண்ணாலயே பார்க்காத எண்ணெயை எப்படிப்பா விக்கிற?" என்று கேட்டார். மூன்று மாதம் கழித்து வரும் எண்ணெய்க்கு இன்றே விலை உறுதி செய்துகொள்ளத் தோட்ட முதலாளி விரும்பும் அதே நிமிடத்தில் ஆலைக்காரர் வாங்க வருவதில்லை. அந்த இடைவெளியில் நின்று வாங்குபவர்கள் நாங்கள் என்று விளக்கினேன். இதைச் சூதாட்டம் என்று சொல்பவர்களிடம் இன்றும் இதையே சொல்வேன். அப்பா ஏற்றுக்கொண்டாரா என்பது தெரியாது. ஆனால் ஆண்டிறுதி மழையில் லாரி உள்ளே வர முடியாமல் குலைகள் தேங்கும்போதெல்லாம் மறக்காமல் தொலைபேசியில் சொல்வார்.

2022இல் விலை மார்ச்சில் 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா ஏற்றுமதியைத் தடை செய்து, மே 23 அன்று அத்தடையை நீக்கியது. ஜூலையில் விலை 4,000க்கும் கீழே வந்தது. ஒரே நாளில் 300 ரிங்கிட் அசைந்தால் லாட்டுக்கு 7,500 ரிங்கிட் ஆகிறது. அந்த மாதங்களில் வழக்கமான அளவில் கால் பங்கு மட்டுமே வைத்துக்கொண்டேன். அசைவு பெரிதாக இருந்ததால் அந்தக் கால் பங்கே போதுமான வருமானத்தைத் தந்தது.

2021 டிசம்பரில் தொடங்கிய இரவுச் சந்தையில் நான் பெரிதாக ஈடுபடவில்லை. இரவு 9 முதல் 11.30 வரை சிகாகோவின் சுறுசுறுப்பான நேரத்தோடு சேர்ந்து ஓடும் அச்சந்தை என் தங்கை மகனுக்குப் பொருந்துகிறது. "மாமா, பத்தாம் தேதிக்கு எத்தனை லாட் வைக்கலாம்?" என்று அவன் கேட்கும்போது, எவ்வளவு நட்டம் தாங்குவாய் என்று எழுதிக்கொண்டு வா, பிறகு பேசலாம் என்கிறேன்.